பூனை, வெள்ளம், ரெண்டர்: ‘ஃப்ளோ’ படத்தைக் கணினியா எடுத்தது?

“லேப்டாப்புல ஒரே ஆளு உக்காந்து, ஓசி சாஃப்ட்வேர்ல படம் எடுத்து, ஆஸ்கர் வாங்கிட்டான் சார்.”

2025 மார்ச்சுக்குப் பிறகு இதைப் பத்து வாயிலாவது கேட்டிருப்பேன். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், “இப்பல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடுது” என்று முடித்துவிடுகிறார்கள். பேச்சு லாட்வியா நாட்டுக்காரர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ பற்றியது. அந்த ஒற்றை வாக்கியத்தில் லேப்டாப் தவறு, ஒரே ஆள் தவறு, ஓசி பாதி சரி, ஆஸ்கர் மட்டும் முழுக்கச் சரி.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் நடுவில் ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: ரெண்டர். கல்யாண வீடியோ எடிட் செய்பவர் முதல் கேம் ஆடும் பையன் வரை எல்லோரும் புழங்கும் சொல்தான். ஆனால் ரெண்டர் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், “அது… லோடு ஆகும்ல, அது” என்பதோடு நின்றுவிடும். ‘ஃப்ளோ’ ஏன் அப்படி ஒரு படமாக வந்தது என்பதற்கான விடை பெருமளவு அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்கு

உலகத்தைப் பெருவெள்ளம் சூழ்கிறது. மனிதர்கள் இல்லை. அவர்கள் கட்டிய வீடுகளும் சிலைகளும் நகரங்களும் மட்டும் நிற்கின்றன, பிறகு மூழ்குகின்றன. ஒரு சாம்பல்நிறப் பூனை பாய்மரப் படகு ஒன்றில் தொற்றிக்கொள்கிறது. கூடவே ஒரு கேப்பிபாரா (தென்னமெரிக்காவின் பெருத்த கொறிவிலங்கு), பொருள் சேர்க்கும் பைத்தியம் பிடித்த ஒரு லெமூர் (மடகாஸ்கர் தீவின் நீள்வால் விலங்கு), ஒரு லாப்ரடார் நாய், நெட்டைக்கால் செயலாளர்ப் பறவை ஒன்று. 85 நிமிடத்தில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. விலங்குகள் விலங்குகளாகவே நடந்துகொள்கின்றன. பூனை பாட்டுப் பாடாது, நாய் நகைச்சுவை சொல்லாது.

2024 மே மாதம் கான் விழாவில் முதல் திரையிடல். அடுத்த மாதம் அன்னெசி அனிமேஷன் விழாவில் நான்கு விருதுகள். 2025 ஜனவரியில் கோல்டன் குளோப், மார்ச் 2 அன்று சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர். லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அதுதான். தலைநகர் ரீகாவில் அந்தப் பூனைக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். இரண்டு கோடி அல்ல, இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடு. நம் ஊர்ப் பெருநகரம் ஒன்றின் கால்வாசிகூடத் தேறாது. கொண்டாடாமல் என்ன செய்வார்கள்?

முதலில், உள்ளே இருப்பது ஒரு பொம்மை மேடை

முப்பரிமாண அனிமேஷனைக் ‘கணினியில் வரைவது’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. அங்கே யாரும் திரையில் படம் வரைவதில்லை. செய்வது பொம்மை.

ஒரு நூல்பாவைக் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பொம்மையைச் செதுக்க வேண்டும். கணினியில் அந்தச் செதுக்கல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டி உருவாகிறது. கோழிக்கூண்டுக் கம்பிவலையை வளைத்துப் பூனை உருவம் செய்ததுபோல் இருக்கும். அந்த வலைக்கு மெஷ் என்று பெயர்.

செதுக்கிய பொம்மை அசையாது. அதற்கு மூட்டு வேண்டும், நூல் வேண்டும். மெஷ்ஷுக்குள் ஒரு கற்பனை எலும்புக்கூட்டைப் பொருத்தி, எந்த எலும்பை இழுத்தால் எந்தத் தோல் நகர வேண்டும் என்று முடிச்சுப் போடுகிறார்கள். இந்த எலும்புக்கூடுதான் ரிக். பூனைக்கு இது பெரிய தலைவலி. அதன் முதுகெலும்பு ரப்பர், தோள்பட்டை சதைக்குள் மிதக்கிறது, வாலுக்கோ தனி மனசு.

அடுத்து ஆட்டுவிப்பது. பூனை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ வேண்டும். பதுங்கும் நிலை, காற்றில் நீண்ட நிலை, விழுந்து தடுமாறும் நிலை என்று முக்கியமான நிலைகளை அனிமேட்டர் தன் கையால் அமைக்கிறார். அப்படி அமைத்த ஒவ்வொரு நிலையும் ஒரு கீஃபிரேம். இரண்டு கீஃபிரேம்களுக்கு இடைப்பட்டதைக் கணினி நிரப்பும். “கம்ப்யூட்டரே பண்ணிடுது” என்பதில் உள்ள உண்மை இவ்வளவுதான். அந்த நிரப்பலை அப்படியே விட்டால் பூனை எண்ணெயில் வழுக்குவதுபோல் நகரும். எடையும் தயக்கமும் வருவதற்கு, இடையிலும் மறுபடி மனிதர் கை வைத்தாக வேண்டும்.

‘ஃப்ளோ’வில் விலங்குகளின் உடம்பில் கருவிகளைக் கட்டி அசைவைப் பதிவு செய்யவில்லை. நிஜப் பூனை, நாய்களின் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்த்து, பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இருந்த அனிமேட்டர்கள் கையாலேயே ஆட்டுவித்தார்கள். ஒரே ஆள் என்ற கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இதுவரை பார்த்தது: கம்பிவலையில் பொம்மை (மெஷ்), அதற்குள் எலும்புக்கூடு (ரிக்), முக்கிய நிலைகளை அமைத்து ஆட்டுவிப்பது (கீஃபிரேம்). இவ்வளவும் முடிந்தபோதும் திரையில் காட்ட நம்மிடம் ஒரு படம்கூட இல்லை. இருட்டு மேடையில் பொம்மைகள் நிற்கின்றன, அவ்வளவுதான்.

ரெண்டர்: இருட்டு மேடையைப் படம் பிடிப்பது

அந்த மேடையில் விளக்கு வைக்கிறோம். எங்கோ ஓரிடத்தில் காமிரா வைக்கிறோம். அந்த இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கணக்கிட்டு ஒரு படமாக மாற்றுவதற்குப் பெயர்தான் ரெண்டர். நிஜ உலகில் இதைச் செய்ய ஷட்டரை ஒரு தரம் அழுத்தினால் போதும். ஒளி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கணினிக்குள் ஒளி கிடையாது. அதன் ஒவ்வொரு வேலையையும் கணக்காகப் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும்.

ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறது என்று வையுங்கள். வலைக்கு இந்தப் பக்கம் நம் கண், அந்தப் பக்கம் தெரு. வலையின் ஒவ்வொரு துளை வழியாகவும் தெருவின் ஒரு துணுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஒரே ஒரு நிறத்தை அடைத்துவிட்டால் வலையே தெருவின் படமாகிவிடும். அந்தத் துளைதான் பிக்சல். திரையரங்கத் தரமான 4கே படத்தில் இப்படி 80 லட்சத்துக்கும் மேல் துளைகள் உண்டு.

ரெண்டரின் முழுப் பிரச்சினையும் இதுதான்: இந்தத் துளையில் என்ன நிறம்? இதற்கு விடை காண இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. முதல் வழி பொறுமைசாலி. இரண்டாவது கெட்டிக்காரன்.

பொறுமைசாலியின் வழி

மதிய வேளையில் ஓர் அறை. ஜன்னல் வெயில் சிவப்புத் தரையில் விழுகிறது. பக்கத்தில் வெள்ளைச் சுவர். உற்றுப் பார்த்தால் சுவரின் அடிப்பகுதி லேசாகச் சிவந்திருக்கும். யாரும் அங்கே வண்ணம் அடிக்கவில்லை. தரையில் பட்ட ஒளி, சிவப்பைப் பூசிக்கொண்டு எழும்பிச் சுவரில் பட்டு, பிறகு நம் கண்ணுக்கு வருகிறது. நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை இப்படிப் பல இடங்களில் மோதிவிட்டு வந்த ஒளிதான்.

பொறுமைசாலி இந்த மோதல்களை உண்மையாகவே பின்தொடர்கிறான். விளக்கிலிருந்து தொடங்கினால் வீண் அலைச்சல், ஏனென்றால் கிளம்பிய ஒளியில் பெரும்பகுதி நம் கண்பக்கமே வராது. அதனால் தலைகீழாகச் செய்கிறான். கண்ணிலிருந்து ஒவ்வொரு கொசுவலைத் துளை வழியாகவும் ஒரு நூலை வீசுகிறான். நூல் சுவரில் பட்டதா? அங்கிருந்து வேறொரு திசையில் மறுபடி வீசு. தரையா? மறுபடி. கடைசியில் விளக்கையோ வானத்தையோ தொட்டால், வந்த வழியில் பூசிக்கொண்ட நிறங்களையெல்லாம் கூட்டிப் பெருக்கிச் சொல். இந்த முறைக்குப் பாத் டிரேசிங் என்று பெயர். தமிழில் சொன்னால் ஒளிப்பாதையைத் துரத்துவது.

ஒரு துளைக்கு ஒரு நூல் போதாது. மோதிய பிறகு எந்தத் திசை என்பது சீட்டுக் குலுக்கல்தான். சில நூல் அதிர்ஷ்டவசமாக விளக்கைத் தொடும், பக்கத்துத் துளையின் நூல் இருட்டில் போய் முடியும். விளைவு, சிக்னல் போன பழைய டிவி மாதிரி ஒரே பொரிப்புள்ளி. நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் வீசிச் சராசரி எடுத்தால்தான் படம் தெளியும். துளைக்கு ஆயிரம் என்று வைத்தால், ஒரே ஒரு 4கே படத்துக்கு 800 கோடிக்கும் மேற்பட்ட நூல்கள். அதுவும் திரையில் ஒரு நொடிக்கு 24 படம் ஓட வேண்டும்.

பெரிய அமெரிக்க ஸ்டுடியோக்கள் இன்று இந்த வழியில்தான் போகின்றன. ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்து இரவு பகலாக ரெண்டர் செய்வார்கள். அந்த அடுக்குக்கு ரெண்டர் ஃபார்ம் என்று பெயர், ரெண்டர் பண்ணை. 1995இல் வந்த முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் படமான ‘டாய் ஸ்டோரி’க்கே 117 கணினிகள் கொண்ட பண்ணை இருந்தது. அப்போது ஒளிப்பாதையைத் துரத்தும் சக்திகூடக் கணினிகளுக்கு இல்லை.

கெட்டிக்காரனின் வழி

கெட்டிக்காரன் கேள்வியையே திருப்பிப் போடுகிறான். ‘இந்தத் துளை வழியாக என்ன தெரியும்?’ என்று துளை துளையாகக் கேட்காமல், ‘இந்த முக்கோணம் எந்தெந்தத் துளைகளை மறைக்கும்?’ என்று கேட்கிறான். பொம்மை முழுக்க முக்கோணங்கள்தானே? ஒவ்வொன்றையும் எடுத்துக் கொசுவலைமேல் அமுக்கிப் பார்க்கிறான். எந்தத் துளைகள் மூடுகின்றனவோ அவற்றில் நிறத்தை அடைக்கிறான். ஒரே துளையை இரண்டு முக்கோணம் கேட்டால், அருகில் இருப்பதற்கே இடம். கதை முடிந்தது. இந்த முறையின் பெயர் ராஸ்டரைசேஷன். கைபேசியில் ஓடும் கேம் பெரும்பாலும் இந்த வழியில்தான் நொடிக்கு 60 படம் போடுகிறது. முப்பரிமாண கிராஃபிக்ஸ் கார்டு என்ற கருவி பிறந்ததே இந்த வேலைக்காகத்தான்.

வேகம் சரி, ஒளி எங்கே போயிற்று? அங்கேதான் கெட்டிக்காரத்தனம். ஒளியைத் துரத்தாமல், துரத்தியதுபோல் தோற்றம் காட்ட ஒரு மூட்டைத் தந்திரம் வைத்திருக்கிறான்.

நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். எது நிழலில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கு இருக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து எதெல்லாம் தெரிகிறதோ அதெல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது. எதெல்லாம் மறைகிறதோ அதுதான் நிழல். ஆகவே முதலில் விளக்கின் இடத்தில் ஒரு காமிராவை வைத்து அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொள்கிறான். பிறகு உண்மையான படத்தை நிரப்பும்போது அந்தப் படத்தைப் புரட்டிப் பார்த்து, இந்த இடம் விளக்குக்குத் தெரிந்ததா என்று சரிபார்க்கிறான். எனக்கு இந்த யோசனை முதன்முதலில் புரிந்த அன்று சின்னதாய்க் கைதட்டத் தோன்றியது.

பிரதிபலிப்புக்கு இன்னொரு தந்திரம் உண்டு. பளபளப்பான பரப்பில் என்ன தெரிய வேண்டும் என்பதை, ஏற்கெனவே திரையில் நிரப்பிய படத்திலிருந்தே வெட்டி ஒட்டிக்கொள்வது. மலிவான, வேகமான வழி. ஆனால் காமிராவுக்குப் பின்னால் இருக்கும் பொருள் திரையில் இல்லையே, அதை எங்கிருந்து வெட்டுவது? ஒரு தடவை எவர்சில்வர் டம்ளர் ஒன்றைச் செய்து, காமிராவுக்குப் பின்பக்கம் ஒரு சிவப்புப் பந்தை வைத்து இரண்டு வழியிலும் ரெண்டர் செய்து பார்த்தேன். பொறுமைசாலி என் பழைய கணினியின் விசிறியை இரவெல்லாம் கதறவிட்டு, காலையில் டம்ளரின் வயிற்றில் சிவப்புப் பந்து நெளிந்து தெரிய ஒரு படம் கொடுத்தான். கெட்டிக்காரன் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டான். பந்தைத்தான் காணோம்.

இதுவரை பார்த்தது: ரெண்டர் என்பது ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தேடுவது. ஒளியின் வழியை உண்மையாகவே துரத்தினால் (பாத் டிரேசிங்) அழகு கூடும், நேரம் கரையும். முக்கோணங்களை வலையில் அமுக்கித் தந்திரங்களால் ஒளியைப் பாவனை செய்தால் (ராஸ்டரைசேஷன்) உடனே படம் வரும், சில இடங்களில் ஓட்டை தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு

‘ஃப்ளோ’ உருவானது பிளெண்டர் என்ற மென்பொருளில். அதில் இரண்டு வழிக்கும் தனித்தனி ரெண்டர் இயந்திரம் உண்டு. பொறுமைசாலிக்குப் பெயர் சைக்கிள்ஸ். கெட்டிக்காரனுக்குப் பெயர் ஈவீ, 2019இல் வந்த பிளெண்டர் 2.80 பதிப்பில் அறிமுகமானது. ஜில்பலோடிஸ் தேர்ந்தெடுத்தது ஈவீயை. அதே ஆண்டில்தான் அவர் மாயா என்ற கட்டண மென்பொருளை விட்டுவிட்டு பிளெண்டருக்கு வந்தார். ஈவீயே அந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம்.

85 நிமிடம், நொடிக்கு 24 படம். பெருக்கினால் 1,22,400 படங்கள். படம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால்கூட (பெரிய ஸ்டுடியோவில் இது மிகக் குறைவு) ஒற்றைக் கணினியில் ஏறக்குறைய 14 ஆண்டு ஓட வேண்டும். ‘ஃப்ளோ’வில் 4கே தரத்தில் ஒரு படத்துக்கு அரை நொடியிலிருந்து 10 நொடி வரை ஆனதாக ஜில்பலோடிஸ் சொல்லியிருக்கிறார். எல்லாப் படத்துக்கும் 10 நொடியே ஆனதென்று வைத்துக்கொண்டாலும் 340 மணி நேரம், அதாவது 14 நாள் சொச்சம். 14 ஆண்டு எங்கே, 14 நாள் எங்கே!

அதனால்தான் ரெண்டர் பண்ணை எதுவும் இல்லாமல், இறுதி ரெண்டரை அவர் தன் சொந்தக் கணினியிலேயே செய்ய முடிந்தது. லேப்டாப் கதையின் வேர் இதுதான். ரெண்டர் செய்தது ஒரு கணினி. அதைப் படம் முழுவதும் ஒரு லேப்டாப்பில் உருவானது என்று நாம் நீட்டிவிட்டோம்.

வேகம் வாங்கித் தந்தது நேரம் மட்டுமல்ல

என் பார்வையில் விஷயத்தின் உயிர்நாடி இனிதான் வருகிறது. ஈவீயால் மின்கட்டணம் மிச்சம், நாட்கள் மிச்சம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

வழக்கமான அனிமேஷன் வேலை எப்படிப் போகும்? முதலில் காட்சி காட்சியாகப் பென்சிலில் வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். அதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். காமிரா எங்கே, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதெல்லாம் காகிதத்திலேயே முடிவாகிவிடும். காரணம் எளிது. பின்னால் மாற்றினால் செலவு தாங்காது. ஒரு விளக்கை நகர்த்தினால் அதன் விளைவைப் பார்க்கவே பல மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால், யார் விளையாட்டாக நகர்த்திப் பார்ப்பார்கள்?

ஜில்பலோடிஸ் ஸ்டோரிபோர்டு வரையவில்லை. மேடையை அமைத்து, பொம்மைகளை உத்தேசமாக நிறுத்தி, காமிராவைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். நிஜமான படப்பிடிப்புத் தளத்தில் ஓர் ஒளிப்பதிவாளர் கோணம் தேடி அலைவதுபோல. விளக்கை நகர்த்தினால் அந்தக் கணமே திரையில் தெரிந்தது. பனிமூட்டத்தைக் கூட்டினால் அப்போதே கூடியது. அப்படி அலைந்ததில் கிடைத்த கோணங்கள்தான் படம்.

பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காமிரா பூனையின் முதுகுக்குப் பின்னால் ஓடும், தண்ணீருக்குள் கூடவே முங்கும், எழும், சுற்றிப் பார்க்கும், சில நேரம் பூனையை விட்டுவிட்டு வேறெதையோ கவனிக்கும். வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் நீளும் காட்சிகள் உண்டு. அங்கே நம்மோடு இன்னொரு விலங்கும் வந்துகொண்டிருப்பதுபோல் ஓர் உணர்வு. காகிதத்தில் சதுரம் சதுரமாக வரைந்து முடிவெடுத்திருந்தால் இந்த அலைச்சல் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பலர் குறையாகச் சொல்லும் விஷயமும் இதே முடிவிலிருந்து வந்ததுதான். விலங்குகளின் ரோமம் இழை இழையாக இல்லை, தூரிகையால் தீட்டியதுபோல் பட்டையாக இருக்கிறது. “பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கு” என்று என் தங்கை மகன் ஒரே போடாகப் போட்டான். அவன் சொன்னது இகழ்ச்சியாக; ஆனால் தொழில்நுட்ப ரீதியில் அது சரியான கணிப்பு! கேம்களின் வழியில்தான் அது ரெண்டர் ஆனது. ரோமத்தை இழை பிரித்துக் காட்டப் போனால் அந்த உடனடி வேகம் போய்விடும். ஆக, மங்கலான ரோமமும் அலையும் காமிராவும் ஒரே மூட்டையில் வந்தவை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்றால் கடையில் கிடைக்காது.

அதோடு, எடுத்த படத்தின்மேல் பின்னர் நிறத்தையும் மூட்டத்தையும் அடுக்கும் வேலையும் இதில் இல்லை. அந்த அடுக்கலுக்குக் காம்போசிட்டிங் என்று பெயர். பெரும்பாலான படங்களில் அது ஒரு தனித் துறையாகவே இயங்கும். இங்கே நிறமெல்லாம் மேடையிலேயே, விளக்கிலும் ஷேடரிலும் தீர்மானமானது. (ஷேடர் என்பது ஒரு பொருளின் மேற்பரப்பு ஒளியை எப்படி வாங்கும், எப்படித் திருப்பும் என்று எழுதிய குறிப்பு. அதை மாற்றினால் ஒரே பந்து ரப்பராகும், கண்ணாடியாகும்.)

‘ஒரே ஆள்’ எங்கிருந்து வந்தது?

வேறு படத்திலிருந்து. ஜில்பலோடிஸ் 1994இல் பிறந்தவர். 2019இல் வெளியான அவருடைய முதல் முழுநீளப் படம் ‘அவே’. 75 நிமிடம். மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு பையனைக் கரிய பூதம் ஒன்று துரத்துகிறது. அதில் கதை, உருவங்கள், அசைவு, ஒளி, படத்தொகுப்பு, இசை எல்லாமே அவர் ஒருவர்தான். மூன்றரை ஆண்டு உழைப்பு. அது மாயாவில் எடுத்த படம், பிளெண்டரில் அல்ல.

‘ஃப்ளோ’வுக்கு அவர் எதிர்த்திசையில் வந்தார். முதன்முறையாக மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். திரைக்கதையில் மாதீஸ் காஷா, இசையில் ரிஹார்ட்ஸ் சலுபே, மூன்று நாட்டுத் தயாரிப்பாளர்கள், அனிமேட்டர்கள். பெரிய ஸ்டுடியோவின் நூற்றுக்கணக்கான பேரோடு ஒப்பிட்டால் கைக்கடக்கமான கூட்டம்தான், ஆனாலும் கூட்டம். தனியாக இருந்து பழகிய பூனை ஒரு படகில் மற்றவர்களைச் சகித்துக்கொள்ளக் கற்கும் கதை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்கிறார். தண்ணீருக்குப் பயப்படும் பூனையை அவர் 2012இலேயே ‘அக்வா’ என்ற குறும்படத்தில் வரைந்துவிட்டார். படகில் மற்றவர்கள் ஏறியது பிறகு.

‘ஓசி’ என்பதில் உள்ள பாதி

பிளெண்டர் இலவசம். உண்மை. ஆனால் அதற்குத் தமிழில் இன்னும் சரியான பெயர் இருக்கிறது: கட்டற்ற மென்பொருள். காசு வாங்காமல் தருவது ஒன்று, பூட்டுப் போடாமல் தருவது வேறொன்று. பிளெண்டரின் நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம்.

முதலில் அது அப்படி இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசண்டால் உருவாக்கிய வணிக மென்பொருள் அது. நிறுவனம் படுத்துப்போனது. முதலீட்டாளர்கள் கையிலிருந்து நிரலை மீட்க 1,00,000 யூரோ வேண்டும் என்றானது. 2002இல் பயனர்களிடம் கையேந்தினார். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. அந்த அக்டோபரில் பிளெண்டர் எல்லோருக்கும் சொந்தமானது.

‘ஃப்ளோ’வுக்கு இந்தத் திறந்த கதவு எங்கே உதவியது என்றால், தண்ணீரில். படத்தில் குட்டையும் உண்டு, பொங்கும் ஆறும் உண்டு, கரையே தெரியாத வெள்ளமும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே வழி ஒத்துவராது. மார்டின்ஷ் உபீடிஸ், கோன்ஸ்டன்டீன்ஸ் விஷ்ணெவ்ஸ்கிஸ் போன்றவர்கள் தேவைக்கேற்ற கருவிகளை பிளெண்டருக்குள்ளேயே உருவாக்கிச் சேர்த்துக்கொண்டார்கள்.

மற்றபடி, மென்பொருள் இலவசம் என்பதால் படமும் சும்மா வந்துவிடவில்லை. சுமார் 35 லட்சம் யூரோ செலவு. ஆஸ்கரில் அதோடு போட்டியிட்ட பெரிய ஸ்டுடியோ படங்களின் செலவு கோடிக்கணக்கான டாலர். அவற்றின் பக்கத்தில் வைத்தால் இது டீச்செலவு. நமக்கோ 30 கோடி ரூபாய்க்கு மேல். ஐந்து ஆண்டுக்கு மேல் மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்தால் ஆகாதா?

கணினிக்கு வாய் இல்லை

வசனம் இல்லாத படத்தில் ஒலி இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். அதற்கு எந்த ரெண்டர் இயந்திரமும் இல்லை. பூனைக்கு நிஜப் பூனை, நாய்க்கு நிஜ நாய் என்று உண்மையான விலங்குகளின் குரலையே பதிவு செய்து சேர்த்தார்கள். கேப்பிபாராவிடம்தான் சிக்கல். அவ்வளவு பெரிய, சாந்தமான உடம்பு. அதன் நிஜக் குரலோ கீச்சென்று மெல்லியது. படத்தில் வைத்தால் பொருந்தவே இல்லை. கடைசியில் ஒட்டகக் குட்டி ஒன்றின் குரலைக் கொடுத்தார்கள். நிஜத்தைத் தேடியவர்கள் இந்த இடத்தில் செய்த திருட்டுத்தனம் அது. ஒளி விஷயத்தில் ஈவீ செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

கடைசியாக, அந்தக் குட்டை

எவர்சில்வர் டம்ளரில் காணாமல் போன சிவப்புப் பந்தை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்து ஈவீக்குப் பிரதிபலிப்பு என்றாலே சங்கடம். சமதளமான கண்ணாடியோ அசையாத தண்ணீரோ என்றால் ஒரு மாற்றுவழி உண்டு: நீர்மட்டத்துக்குக் கீழே இன்னொரு காமிராவைத் தலைகீழாக நிறுத்தி, மேடை முழுவதையும் இரண்டாம் முறை நிரப்புவது. ஒரே படத்துக்கு இரட்டை வேலை. அலை அடித்தால் அதுவும் தடுமாறும்.

இது தெரிந்த ஒருவர் என்ன செய்வார்? தண்ணீரில் முகம் தெரியும் காட்சிகளை முடிந்தவரை தவிர்ப்பார். ‘ஃப்ளோ’வின் முதல் காட்சி, பூனை ஒன்று குட்டைத் தண்ணீரில் தன் முகத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பது. கடைசிக் காட்சியிலும் அதே பூனை, தண்ணீரில் அதே முகம், பக்கத்தில் இன்னும் மூன்று முகங்கள்.